தலைக்கு மேலே காயும் தளம்: தமிழ்நாட்டு வீடுகளில் வெப்பத் தடுப்பு

தமிழ்நாட்டில் வீட்டைச் சூடாக்குவதில் முதலிடம் கூரைக்கு. சுவரும் ஜன்னலும் அதற்குப் பிறகுதான். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையிலும் கன்னியாகுமரி 8 டிகிரியிலும் இருப்பதால், சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை இந்த ஊர்களின் உச்சிக்கு நேராக வருகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் இது நிகழ்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது தெற்குச் சுவரில் வெயில் அநேகமாக விழாது. கிழக்கும் மேற்கும் ஆளுக்கு அரை நாள் வெயிலை வாங்கிக்கொள்கின்றன. காலை முதல் மாலை வரை ஓய்வில்லாமல் வெயிலில் கிடப்பது மொட்டைமாடி மட்டுமே. மேகமில்லாத கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மீது ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. அரை கிரவுண்டு வீட்டின் 1,000 சதுர அடி மாடிக்கு இது 90 கிலோவாட்டுக்கு மேல்.

பல மாடிக் குடியிருப்பில் இந்தச் சுமை முழுவதும் கடைசி மாடிக்காரர் தலையில் விழுகிறது. கீழ் வீடுகளுக்கு மேல் வீடே குடை. ஆகவே ‘வீட்டுக்கு வெப்பத் தடுப்பு’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்த மாநிலத்தில் பெரும்பாலும் கடைசிக் கூரையைப் பற்றிய பேச்சுதான். குளிர்நாட்டுக் கட்டடப் புத்தகங்கள் சுவரில் தொடங்கி, ஜன்னல் இடுக்கில் நுழைந்து, தரை வரைக்கும் பஞ்சு திணிக்கச் சொல்கின்றன. அங்கே உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் காப்பது வேலை. அந்த வரிசையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பணம் தவறான இடத்தில் செலவாகும்.

வெப்பம் வரும் வழி

வெயில் முதலில் தளத்தின் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. விழும் வெயிலில் எவ்வளவு திரும்பிப் போகிறது, எவ்வளவு உள்வாங்கப்படுகிறது என்பதை மேற்பரப்பின் நிறம் தீர்மானிக்கிறது. பழுப்பேறிய சிமென்ட் தளம் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத் திருப்பிவிட்டு மீதியை வாங்கிக்கொள்கிறது. புதிதாக வெள்ளையடித்த தளம் 70 முதல் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். கோடை மதியத்தில் சாதாரண சிமென்ட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுவது வியப்பில்லை. வெறுங்காலோடு துணி காயப்போடப் போனவர்களுக்கு இது தெரிந்ததே.

அங்கிருந்து வெப்பம் தளத்தின் ஊடாகக் கீழே கடக்கிறது. எவ்வளவு எளிதில் கடக்கும் என்பது பொருளைப் பொறுத்தது. ஒரு மீட்டர் தடிப்பில், இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்பதே கடத்துதிறன். இரும்பு 50, கம்பி கட்டிய கான்கிரீட் ஏறத்தாழ 1.6, சுட்ட செங்கல் 0.8 அளவில், காற்று ஏற்றிய சாம்பல் நிறக் கற்கள் 0.18 அளவில், தெர்மோகோல் 0.035, அசையாத காற்று 0.025. வெப்பத் தடுப்புப் பொருள்கள் எல்லாமே காற்றை அசையவிடாமல் சின்னச் சின்ன அறைகளில் சிறைபிடித்து வைக்கும் ஏற்பாடுகள்தான். தென்னங்கீற்றும் வைக்கோலும் செய்வது இதையே; தெர்மோகோல் அதை ஆலையில் செய்கிறது. நீரின் கடத்துதிறன் 0.6, அதாவது காற்றைப்போல 24 மடங்கு. அதனால் எந்தத் தடுப்புப் பொருளும் நனைந்த உடனே தன் வேலையை மறந்துவிடும்.

தளத்தின் அடிப்பரப்பை அடைந்த வெப்பம் அறைக்குள் முக்கியமாகக் கதிர்வீச்சாக இறங்குகிறது. இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மனிதத் தோல் ஏறக்குறைய 33, 34 டிகிரியில் இருக்கிறது. தளத்தின் அடிப்பக்கம் 40 டிகிரியில் இருந்தால், கட்டிலில் படுத்திருப்பவர் மீது அது சத்தமில்லாமல் சூட்டைப் பொழிந்துகொண்டிருக்கும். அறைக் காற்றின் வெப்பமானி 31 காட்டினாலும் உடம்புக்கு அது 31 ஆகத் தெரியாது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினால் வியர்வை உலரும். ஆனால் விசிறி, தளத்தையொட்டித் தேங்கிய சூடான காற்றையும் சேர்த்துக் கீழே தள்ளுகிறது. ‘விசிறி போட்டால் அனல் அடிக்கிறது’ என்ற கடைசி மாடிக் குறை கற்பனை இல்லை. தளத்தின் அடிப்பரப்பை நாலைந்து டிகிரி குறைத்தாலே, காற்றின் வெப்பநிலை பெரிதாக மாறாவிட்டாலும் அறை பொறுக்கக்கூடியதாகிவிடுகிறது. வெப்பத் தடுப்பின் பயனைக் காற்று வெப்பமானியை மட்டும் வைத்து அளப்பவர்கள் ஏமாற்றம் அடைவது இதனால்தான்.

சுண்ணாம்புத் தளமும் பழைய வீடும்

‘அந்தக் காலத்து வீடு குளுகுளுவென்று இருந்தது’ என்பது பாதி உண்மை. அந்தப் பாதிக்குக் காரணம் தடிப்பு. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் மரச் சட்டங்கள் நெருக்கமாகப் பரப்பப்பட்டன. அவற்றின் மீது 15 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள மெல்லிய செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தில், படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சட்டங்களுக்குக் குறுக்காகச் சாய்வாட்டில் அடுக்கப்பட்டன. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த படலம். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளித்து, மரக்கட்டைகளால் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. மொத்தம் ஏறக்குறைய 20 செ.மீ. கனம், அதற்குக் கீழே 12 முதல் 14 அடி உயர அறை.

சிமென்ட் கான்கிரீட் வந்த பிறகும் இந்தக் கூரையின் மேல்பாதி மட்டும் உயிர் தப்பியது. பொதுப்பணித் துறையின் வழக்கமான விவரக் குறிப்பில் 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12.5 பங்கு, மணல் கிடையாது. கான்கிரீட் தளத்தின் மேல் சராசரி 7.5 செ.மீ. போட்டு, வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதிப்பது. கட்டட வேலைக்காரர்கள் இதைச் சுருக்கி போடுவது என்றும் வெதரிங் கோர்ஸ் என்றும் சொல்கிறார்கள். மழைநீரை வடிப்பது இதன் முதல் வேலை. வெப்பத்தைத் தணிப்பது கூடவே கிடைத்த பலன். ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்தக் கலவையின் கடத்துதிறன் கான்கிரீட்டில் பாதிக்கும் குறைவு. ஆனால் தெர்மோகோலோடு ஒப்பிட்டால் 20 மடங்கு. ‘சுருக்கி போட்டாயிற்று, இனி வெயில் வராது’ என்பது மிகை.

கனமான தளத்துக்கு இன்னொரு குணம் உண்டு: அது வெப்பத்தைத் தாமதப்படுத்தும். 15 செ.மீ. கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு மதியம் 1 மணி வாக்கில் உச்சத்தை அடைந்தால், அடிப்பரப்பு உச்சத்தை அடைய நாலு மணி நேரம் போல ஆகும், அதாவது மாலை 5 மணி. மேலே 10 செ.மீ. சுருக்கி இருந்தால் உச்சம் தணிகிறது. ஆனால் இரவு 8 மணிக்குத் தள்ளிப்போகிறது. பகலில் அலுவலகத்தில் இருந்துவிட்டு இரவில் வீட்டில் தூங்குபவருக்கு இது அவ்வளவு நல்ல பேரம் இல்லை. பழைய வீடுகளின் மறுபாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. கோடை இரவில் அந்த வீடுகளின் அறைகளுக்குள் யாரும் தூங்கவில்லை. திண்ணையிலும் முற்றத்திலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்தார்கள். கனத்த தளமும் கனத்த சுவரும் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுக்க ஆளில்லாத அறைகளுக்குள் விட்டுக்கொண்டிருந்தன. கதவைப் பூட்டி, கொசுவலை அடித்து, உள்ளே படுக்கும் வாழ்க்கைக்கு மாறிய பிறகு, பழைய கூரையை மட்டும் திரும்பக் கொண்டுவருவதால் முழுப் பலன் கிடைக்காது.

இரவு நன்றாகக் குளிரும் ஊரில் கனம் உதவும். கடலோரத்தில் அப்படி இல்லை. சென்னையின் மே மாத சராசரி உச்சம் 37, 38 டிகிரி. சராசரித் தாழ்வு 27, 28. பத்து டிகிரி இடைவெளிதான். தளம் இறக்கி வைக்க நினைக்கும் சூட்டை வாங்கிக்கொள்ள வெளிக்காற்றுக்கே மனமில்லை.

ஓர் அறையின் கணக்கு

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொண்டால் கூரையின் பரப்பு 144 சதுர அடி, அதாவது 13.4 சதுர மீட்டர். தளம் 15 செ.மீ. வெறும் கான்கிரீட். மேற்பரப்பு 60 டிகிரி, அறை 30 டிகிரி என்று நிலையாக வைத்துக்கொள்ளலாம். வெப்ப ஓட்டத்துக்குக் கான்கிரீட் தரும் தடையும் அடிப்பரப்பை ஒட்டிய காற்றுப் படலம் தரும் தடையும் சேர்ந்து 0.27 அளவு வரும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 113 வாட். அறை முழுக்க 1,500 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதில் நாலு பங்கில் ஒன்றரைப் பங்குக்கு மேல், அறையில் ஆளோ விளக்கோ இல்லாமலேயே, கூரைக்குப் போய்விடுகிறது.

இதே தளத்தில் 10 செ.மீ. சுருக்கியும் தட்டோடும் இருந்தால் 1,500 என்பது 930 ஆகக் குறைகிறது. சுருக்கி இல்லாமல் ஒரு அங்குலம் தெர்மோகோல் மட்டும் இருந்தால் 410. இரண்டாவது அங்குலம் சேர்த்தால் 240. முதல் அங்குலம் 1,090 வாட்டைத் தடுத்தது. அதே விலை கொடுத்து வாங்கிய இரண்டாவது அங்குலம் 170 வாட்டை மட்டுமே தடுத்தது. மூன்றாவது, நான்காவது அங்குலங்களின் பலன் இன்னும் சுருங்கும். விற்பனையாளர்கள் தடிமனைக் கூட்டச் சொல்வது இயல்பு. கணக்கு முதல் அங்குலத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஏசி நாள் முழுக்க ஓடும் வீட்டுக்கு மட்டும் இரண்டு அங்குலம் நியாயம்.

வெறும் தளத்தை வெள்ளையடித்தால் என்ன? மேற்பரப்பு 60இலிருந்து 42 டிகிரி அளவுக்கு இறங்கும். தடை எதுவும் கூடாமலேயே 1,500 வாட், 600 ஆகிவிடுகிறது. ஒரு அங்குலமும் வெள்ளையும் சேர்ந்தால் 165. மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய வெட்டு வெள்ளையில்தான் இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. இவை நிலையான வெப்ப ஓட்டத்தை வைத்துப் போட்ட தோராயக் கணக்குகள். உண்மையில் சூரியன் நகர்கிறது, தளம் வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது, தடுப்பு போட்ட தளத்தின் மேற்பரப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கும். ஆனாலும் எது பெரிது எது சிறிது என்ற வரிசை மாறாது.

மின்சாரத்தில் இது எவ்வளவு? இரவு எட்டு மணி நேரம் ஏசி ஓடுகிறது, அந்த நேரத்தில் தடுப்பினால் சராசரியாக 500 வாட் வெப்பம் குறைகிறது, ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏசி மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று வைத்தால், நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதக் கணக்கில் 60, 70 யூனிட். ஓர் அறைக்கு இவ்வளவு. 2022 செப்டம்பரில் வந்த தமிழ்நாட்டு வீட்டுக் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியவர், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் விலை கொடுத்தார். கோடையில் 500ஐ ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இந்த 60 யூனிட் சாதாரணம் அல்ல.

தளத்தின் மேலா, கீழா

தடுப்புப் பலகையை எங்கே வைப்பது என்பதில்தான் பல வீடுகள் வழுக்குகின்றன. எளிதான வழி உள்ளே ஃபால்ஸ் சீலிங் அடிப்பது. ஜிப்சம் பலகைக்கும் தளத்துக்கும் இடையே ஓர் இடைவெளி கிடைக்கிறது, தளத்தின் கதிர்வீச்சு நேராக ஆள் மீது விழுவதில்லை, அறை உடனே மாறியதுபோலத் தெரிகிறது. குறை என்னவென்றால், தளம் முன்போலவே வெந்துகொண்டிருக்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் கான்கிரீட், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விடும். வடகிழக்குப் பருவமழையில் அந்த விரிசல் ஒழுகும். ஒழுகுவது ஃபால்ஸ் சீலிங்குக்குப் பின்னால் மறைந்திருக்கும். மஞ்சள் கறை தெரியும்போது உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

பலகை தளத்துக்கு மேலே இருந்தால் கான்கிரீட் நிழலில் வாழ்கிறது. அதன் நாளாந்த வெப்ப ஏற்ற இறக்கம் குறைகிறது, விரிசலும் குறைகிறது. வேலையின் அடுக்கு இது: தளத்தைச் சுத்தம் செய்து நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் அழுத்தம் தாங்கும் பலகை, பலகை நகராமலும் வெயில் படாமலும் மேலே வலையோடு கூடிய சிமென்ட் தளம், அதில் வாட்டம், கடைசியில் வெளிர் நிற ஓடு. சாதாரணத் தெர்மோகோல் மணிமணியாக ஒட்டியது, காலப்போக்கில் ஈரம் ஏறும். நெருக்கமாக அழுத்திச் செய்த எக்ஸ்.பி.எஸ். பலகை ஈரத்தை அவ்வளவாக வாங்காது, ஆள் நடமாட்டத்தையும் தாங்கும். பாலியூரிதேன் நுரையின் கடத்துதிறன் இன்னும் குறைவு, 0.025க்குப் பக்கம், தெளித்தே போடலாம். வெயிலில் திறந்துவிட்டால் சில பருவங்களில் பொடியாக உதிரும்.

இந்த மூன்றும் எரியக்கூடியவை. தளத்துக்கு மேலே சிமென்ட் மூடிய நிலையில் அது பெரிய அபாயம் இல்லை. ஆனால் கடையிலும் குடோனிலும் சில வீடுகளிலும் தகரக் கூரைக்கு அடியில் தெர்மோகோல் தகடுகளை அப்படியே கயிறு கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஒரு மின்கசிவுப் பொறி போதும். உருகிச் சொட்டும், கரும்புகை கிளம்பும். இதை வெப்பத் தடுப்பு என்று எண்ணவே கூடாது.

பலகை வாங்க முடியாதவர்களுக்குப் பழைய உத்திகள் உண்டு. சிறிய மண்பானைகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கி, இடுக்குகளில் ஜல்லிக் கலவை நிரப்பி, மேலே ஓடு பதிப்பது ஒன்று. பானைக்குள் அடைபட்ட காற்றே தடுப்பு. கைவேலை அதிகம், உடைந்த பானைக்குள் நீர் புகுந்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய நிரப்புத் தளத்தில், கான்கிரீட்டின் அடிப்பாதியில் இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பார்கள். கான்கிரீட்டும் கம்பியும் மிச்சமாவதே அதன் முதல் லாபம், ஓடுகளுக்கு நடுவே கிடைக்கும் காற்று கொசுறு. மொட்டைமாடியில் சூரிய மின்தகடுகளைச் சற்று உயர்த்திப் பொருத்துவதும் தளத்துக்குப் பந்தல் போட்டது போலத்தான். மின்சாரம் தருவதோடு தகடுகள் நிழலும் தருகின்றன. காற்று அடியில் ஓட இடம் விட வேண்டும்.

வெள்ளையின் பராமரிப்பு

சுண்ணாம்பு அடிப்பது ஒரு பருவத்துக்கான வேலை. பங்குனியில் அடித்தால் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டும்; ஐப்பசி மழையில் கரையும். வெள்ளைச் சிமென்டும் பசையும் கலந்தால் இரண்டு ஆண்டு இழுக்கும். கூல் ரூஃப் பெயின்ட் எனக் கடைகளில் விற்கும் பூச்சுகள் ஐந்தாறு ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக் களிமண் ஓடுகள் அதைவிட நெடுநாள் உழைக்கும், விலையும் அதிகம். எதை அடித்தாலும் எதிரி தூசு. புதிதில் 80 விழுக்காடு வெயிலைத் திருப்பும் பூச்சு, ஓராண்டில் தூசும் பாசியும் படிந்து 60க்கு இறங்கிவிடும். மழை முடிந்து தை பிறந்ததும் துடைப்பமும் தண்ணீருமாக ஒருமுறை தேய்த்துக் கழுவினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பும். வழுக்கும் தன்மை உள்ள பூச்சை நடமாடும் மாடிக்குத் தேர்வு செய்யக் கூடாது. மழை நாளில் விழுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

வெள்ளைக் கூரையைப் பொதுக் கொள்கையாகவே எடுத்த மாநிலம் தெலங்கானா. 2023 முதல் 2028 வரைக்குமான குளிர் கூரைக் கொள்கையை அது 2023 ஏப்ரலில் வெளியிட்டது. 2013இல் வெப்ப அலைச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத்தும் பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையைச் செய்தது.

தகரமும் ஆஸ்பெஸ்டாஸும்

வெப்பத்தால் மிக அதிகம் அவதிப்படும் வீடுகளுக்குக் கான்கிரீட் தளமே கிடையாது. 6 மி.மீ. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ அதைவிட மெல்லிய தகரமோதான் கூரை. தடை ஏறக்குறைய சுழியம், தாமதமும் இல்லை. வெயில் ஏறியதும் உள்ளே எரியும், வெயில் இறங்கியதும் ஆறும். இதற்கும் முதல் மருந்து வெளிப்பக்கம் வெள்ளை. ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டவோ கம்பித் துலக்கியால் தேய்க்கவோ கூடாது. நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும். தண்ணீர் ஊற்றி மெதுவாகக் கழுவிவிட்டு அடிக்க வேண்டும்.

அடுத்தது அடியில் அலுமினியத் தாள். குமிழ்த் தாளின் மீது ஒட்டிய அலுமினியம் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அலுமினியம் கதிர்வீச்சை 5 விழுக்காட்டளவே வெளியிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காற்று இடைவெளி, குறைந்தது ஓர் அங்குலம், இருந்தாக வேண்டும். ஷீட்டோடு ஒட்டி ஆணி அடித்துவிட்டால் அது வெறும் உலோகம். வெப்பத்தை மகிழ்ச்சியோடு கடத்தும். பளபளப்பு முகம் மேல்நோக்கி இருந்தால் தூசு படிந்து சில மாதங்களில் மங்கும். கீழ்நோக்கி இருந்தால் நெடுநாள் பளபளக்கும். மூங்கில் தட்டியை ஷீட்டுக்கு அரை அடி கீழே கட்டி, இரு முனையிலும் காற்று போக வழி விட்டாலும் அதே வேலை பாதிக்கு மேல் நடக்கும். ஷீட்டின் மீது தென்னங்கீற்று வேய்வது வெயிலுக்கு மிக நல்லது, தீப்பொறிக்கு மிகக் கெட்டது. நெருக்கமான தெருக்களில் அதை யோசித்தே செய்ய வேண்டும்.

சுவரும் ஜன்னலும்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நடுத்தரமான தடுப்பு. ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 2 வாட் அளவு விடும். 20 செ.மீ. காற்று ஏற்றிய கற்களால் கட்டிய சுவர் 0.8 வாட்டுக்குள் நிற்கும். அலுமினிய அச்சில் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கும் புதிய அடுக்குமாடிகளில் சுவர் 16 செ.மீ. கான்கிரீட், அது 3.7 வாட் விடுகிறது. வேகமாகக் கட்டலாம், செங்கல் தேட வேண்டாம். ஆனால் மேற்கு பார்த்த படுக்கையறை மாலையில் அடுப்பின் பக்கவாட்டாகிவிடும். வீடு பார்க்கப் போகிறவர்கள் தரை ஓட்டையும் சமையலறை மேடையையும் தட்டிப் பார்ப்பதுபோல வெளிச்சுவர் எதனால் ஆனது என்றும் ஒரு கேள்வி கேட்கலாம்.

மேற்குச் சுவருக்கு நிழலைவிட மலிவான தடுப்பு இல்லை. வேம்போ புங்கனோ அந்தப் பக்கம் நின்றால் சுவருக்குள் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. வடக்குச் சுவர் ஜன்னல்களுக்குச் சன் ஷேட் வேண்டாம் என்று வடநாட்டு வரைபடத்தைப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். மே, ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டில் வடக்குச் சுவரிலும் வெயில் விழும். மாலை 4 மணிக்கு மேற்கு நோக்கிய ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 500 வாட் வெப்பத்தைக்கூட உள்ளே விடும். திரை போட்டால் வெளிச்சம் குறையும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பம் திரையில் பட்டு அறைக்குள்ளேயே தங்கும். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்: தட்டி, மரச் சட்ட மறைப்பு, குறைந்தபட்சம் பச்சை வலை.

ஏசியும் ஈரமும்

கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் வெப்பத் தடுப்பின் விதிகளைக் கொஞ்சம் தலைகீழாக்குகிறது. வெளியே 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குறைந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்க்கும். ஏசி 24இல் ஓடும் அறையின் சுவர் அந்த நிலையில் இருக்கிறது. வெளிக்காற்று சுவர் வழியாகவோ இடுக்கு வழியாகவோ அந்தக் குளிர்ந்த பரப்பை எட்டும்போது, பீரோவுக்குப் பின்னால், சீலிங் பலகைக்கு மேலே, ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஈரத் தடுப்புத் தாளை அறைப் பக்கம் ஒட்டச் சொல்கின்றன. அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அது வெளியிலிருந்து உள்ளே வருகிறது. தாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்த சுவர் தன்னைத்தானே ஊறவைத்துக்கொள்ளும்.

இடுக்குகளை அடைப்பது ஏசி அறைக்கு மட்டும் பொருந்தும். கதவின் அடி இடைவெளி, குளியலறை வென்டிலேட்டரின் சாய்வுக் கண்ணாடி, ஏசி குழாய் நுழையும் துளை ஆகிய மூன்றும் வழக்கமான ஓட்டைகள். ஏசி இல்லாத வீட்டில் அடைப்பது தவறு. தடுப்புள்ள கூரை வெளிச்சூட்டை உள்ளே விடாததுபோல உள்சூட்டையும் எளிதில் வெளியே விடாது. நாலு பேர், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு அடுப்பு என்று வீட்டுக்குள்ளேயே வெப்பம் பிறந்துகொண்டிருக்கிறது. மாலை வெளிக்காற்று குளிரத் தொடங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து அதை வழியனுப்ப வேண்டும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே விற்கப்படுகின்றன. கூரை சூடு இறங்காத அறையில் விசிறியோடு சேர்த்து 26, 27இலும் வசதியாகத் தூங்கலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எல்லாம் வேறு. அங்கே காப்பாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் சூட்டை; குளிர்நாட்டுப் புத்தகம் அப்படியே பொருந்தும்.

விதியும் வாய்ப்பும்

மத்திய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை ஒரு டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் விடக் கூடாது என்கிறது. மேலே காற்றுப் படலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெறும் கான்கிரீட் தளம் 3.3, சுருக்கி போட்ட தளம் 2.1, இரண்டும் தேறாது. ஒரு அங்குலப் பலகை வைத்த தளம் 1க்குப் பக்கத்தில் நின்று தேறிவிடும். விதி கேட்பது அவ்வளவுதான். ஆனால் அது 500 சதுர மீட்டர் மனையில் எழும் கட்டடங்களிலிருந்துதான் பேசத் தொடங்குகிறது. அது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. தனி வீடு கட்டுவோரில் பெரும்பாலோர் அதற்குள் வருவதே இல்லை. அவர்களுக்கு மேஸ்திரி சொல்வதுதான் சட்டம். மேஸ்திரிக்குப் பலகை வைத்துப் பழக்கமில்லை என்றால் சுருக்கியோடு நின்றுவிடும்.

அடுக்குமாடிகளில் சிக்கல் வேறு. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. சூடு கடைசி மாடிக்கு மட்டும். வெப்பத் தடுப்புக்கு என்று சங்கத்தில் பணம் கேட்டால் கீழ் வீட்டுக்காரர்கள் கை தூக்கமாட்டார்கள். நீர்க்கசிவு வந்து, பழைய சுருக்கியைப் பெயர்த்து, புதிய நீர்த்தடுப்புப் பூச்சும் ஓடும் போட முடிவெடுக்கும் நேரமே பலகையைச் சேர்க்கத் தோதான நேரம். பெயர்க்கும் கூலி, நீர்த்தடுப்பு, சிமென்ட் தளம், ஓடு எல்லாம் எப்படியும் செலவாகப் போகிறவை. கூடுதலாக வருவது ஓர் அங்குலப் பலகையின் விலையும் ஒரு நாள் வேலையும்தான். புதிய ஓட்டை வெளிர் நிறத்தில் எடுப்பதற்குப் பெரும்பாலும் கூடுதல் செலவே இல்லை.